ஜாக்கி தூக்கும், தாங்காது

 

இன்று ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம். அது உங்கள் எல்லோர் வண்டியிலும் இருக்கிறது. சீட்டுக்கு அடியிலோ, டூல்ஸ் பெட்டியிலோ கிடக்கும். அதுதான் ஜாக்கி. எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் ஜாக்கி.

டயர் பஞ்சர் ஆகும்வரை அதை யாரும் நினைப்பதில்லை. பஞ்சர் ஆனதும் அவசரமாகத் தேடுகிறோம். தூசி தட்டி எடுக்கிறோம். வண்டியைத் தூக்குகிறோம். "ஒரு நிமிட வேலைதானே" என்று அடியில் நுழைகிறோம். ஆபத்து அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். ஜாக்கி வண்டியைத் தூக்கும். ஆனால் தாங்காது. தாங்குவதற்கு வேறு முட்டு வேண்டும். இது ஏன் என்று பார்ப்போம்.

நம் ஊர்ச் சாலைகள்

நாம் வண்டி ஓட்டும் பகுதி மலையும் மேடும் நிறைந்தது. முன்பு எல்லாம் ஒரே சித்தூர் மாவட்டமாக இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் இரண்டானாலும் சாலை ஒன்றுதான். வேலூரிலிருந்து வரும் வண்டி காட்பாடி, சித்தூர், சந்திரகிரி வழியாகத் திருப்பதி வருகிறது. சென்னையிலிருந்து வரும் வண்டி திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக வருகிறது.

புரட்டாசி மாதம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமைதோறும் வேன் வேனாகத் தமிழ்நாட்டு மக்கள் ஏழுமலையானைப் பார்க்க வருகிறார்கள். கோடையில் மாங்காய் லாரிகள் ஓடுகின்றன. சித்தூரிலிருந்து பலமனேர் போகும் வழியில் மொகிலிக் கணவாய் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிக்காரர்களுக்கு அந்த இறக்கம் நன்றாகத் தெரியும்.

திருமலைக்கு வண்டி போகும் மலைப்பாதை 1944-ல் திறக்கப்பட்டது. பெரிய பொறியாளர் விசுவேசுவரய்யா அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன் பக்தர்கள் நடந்தும் டோலியிலும்தான் மலை ஏறினார்கள். அந்தப் பழைய பாதையின் நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பிறகு 1970-களில் இரண்டாவது பாதை போட்டார்கள். இப்போது புதிய பாதையில் ஏறுகிறோம். பழைய பாதையில் இறங்குகிறோம்.

இப்படிப்பட்ட சாலையில் பஞ்சர் ஆனால் என்ன ஆகும்? சமதளத்தில் அசையாமல் நிற்கும் வண்டி, சரிவில் தானாக உருளப் பார்க்கும். ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் பள்ளம். பின்னால் வரும் வண்டிகளின் ஹாரன் சத்தம். வண்டிக்குள் தரிசன நேரம் தவறிவிடுமே என்று தவிக்கும் பக்தர்கள். இந்த அவசரத்தில்தான் மனிதன் தவறு செய்கிறான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஜாக்கி வேலைக்கு அது ரொம்பப் பொருந்தும்.

ஒரு கை எப்படி லாரியைத் தூக்குகிறது?

ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரை நிரப்பிக் கட்டுங்கள். ஒரு விரலால் அழுத்துங்கள். பை எல்லாப் பக்கமும் உப்பும். ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் தண்ணீர் முழுவதும் பரவுகிறது. அடைத்து வைத்த திரவத்தின் இந்தக் குணத்தை ஏறக்குறைய 370 ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எடுத்துச் சொன்னார். அதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் பிராமா என்பவர் பெரிய அழுத்து இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். 1851-ல் அமெரிக்காவில் டட்ஜன் என்பவர் கையில் தூக்கிப் போகும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். நம் டூல்ஸ் பெட்டியில் இருப்பது அதன் வாரிசுதான்.

ஜாக்கிக்குள் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஒன்று சின்னது. கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டும்போது அசைவது அதுதான். மற்றது பெரியது. வண்டியைத் தூக்குவது அதுதான். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். சின்னத் தண்டின் குறுக்களவு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தண்டின் குறுக்களவு 4 சென்டிமீட்டர். குறுக்களவு 4 மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. ஆகவே விசையும் 16 மடங்காகும். கைப்பிடி நீளமாக இருப்பதால் அது ஒரு 10 மடங்கு பலம் கொடுக்கிறது. நீங்கள் 20 கிலோ அளவு அழுத்தினால் சின்னத் தண்டில் 200 கிலோ விழும். பெரிய தண்டில் அது 16 மடங்காகி 3200 கிலோ ஆகும். உராய்வில் கொஞ்சம் போனாலும் ஏறக்குறைய 3 டன் மிஞ்சும்.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. பலம் கூடினால் தூரம் குறையும். சின்னத் தண்டு 16 மில்லிமீட்டர் இறங்கினால் பெரிய தண்டு 1 மில்லிமீட்டர்தான் ஏறும். அதனால்தான் பலமுறை அடிக்க வேண்டியிருக்கிறது.

தூக்கும் ஜாக்கி ஏன் தாங்காது?

கைப்பிடியை விட்டதும் வண்டி ஏன் கீழே வருவதில்லை? உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது. அது ஒரு வால்வு. எண்ணெய் திரும்பிப் போகும் வழியை அது அடைத்துக்கொள்கிறது. பெரிய தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. அது ரப்பர் போன்ற பொருளால் ஆன வளையம். எண்ணெய் வெளியே வராமல் அது தடுக்கிறது.

நினைத்துப் பாருங்கள். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. 20 மூட்டை சேர்ந்தால் ஒரு டன். 60 மூட்டை சேர்ந்தால் 3 டன். அந்த 60 மூட்டை பாரத்தையும் கீழே விழாமல் பிடித்திருப்பது ஒரு சின்னக் குண்டும் ஒரு சீலும்தான்.

குண்டுக்கு அடியில் ஒரு தூசி மாட்டினால் போதும். எண்ணெய் கசியும். வண்டி மெல்ல இறங்கும். சீல் கிழிந்தால் சட்டென்று இறங்கும். இவை எல்லாம் நன்றாக இருந்தாலும், வண்டி ஒரு சாண் உருண்டால் ஜாக்கி சாய்ந்துவிடும். அதன் அடிப்பாகம் அவ்வளவு சின்னது. ஜாக்கி சாயும்போது சத்தம் போட்டு எச்சரிக்காது. அடியில் இருப்பவருக்கு நகர நேரம் கிடைக்காது.

ஆகவே ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ, கையையோ, காலையோ வைக்காதீர்கள். ஒரு நட்டு உருண்டு உள்ளே போய்விட்டால்கூடக் கம்பியால் தள்ளி எடுங்கள். நட்டு கடையில் கிடைக்கும்.

எண்ணைப் படியுங்கள்

நண்பர்களே, நீங்கள் இப்போது எழுத்தும் எண்ணும் கற்றவர்கள். அந்தக் கல்வி இங்கே உயிர் காக்கும். ஜாக்கியின் உடம்பில் ஒரு எண் எழுதியிருக்கும். 2 டன், 3 டன், 5 டன், 10 டன், 20 டன் என்று இருக்கும். அதுதான் அந்த ஜாக்கி தூக்கக்கூடிய அதிக அளவு. பெயிண்ட் மறைத்திருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணே தெரியாத ஜாக்கியை வாங்காதீர்கள்.

வண்டியின் பாரம் எவ்வளவு? அது பதிவுப் புத்தகத்தில் இருக்கும். லாரியின் பக்கவாட்டிலும் எழுதியிருப்பார்கள். அதையும் படியுங்கள்.

லாரிக்கு ஒரு கணக்கு. நாலு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சு எவ்வளவு பாரம் தாங்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. முன்பு அது 10.2 டன். 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ஒரு பக்கச் சக்கரத்தின் அருகே ஜாக்கி வைத்தால் ஏறக்குறைய பாதி, அதாவது 6 டன் வரும். 10 டன் ஜாக்கி அதற்குப் போதும். அச்சின் நடுவில் வைத்தால் முழு 11.5 டன்னும் அதன் தலையில் ஏறும். அதே 10 டன் ஜாக்கி அப்போது போதாது. அளவுக்கு மேல் மாங்காயோ கல்லோ ஏற்றியிருந்தால் இந்தக் கணக்கும் தப்பிவிடும்.

வேன் ஓட்டுபவர் காருக்கு உரிய ஜாக்கியை இரவல் வாங்காதீர்கள். பாரத்தைவிடக் கூடுதல் பலம் உள்ள ஜாக்கி எப்போதும் நல்லது.

இடம் பார்த்து நிறுத்துங்கள்

பஞ்சர் ஆன இடத்திலேயே ஜாக்கி வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மெதுவாக ஓட்டிச் சமமான இடத்துக்குப் போங்கள். டயர் கெட்டுப்போகலாம். போகட்டும். டயருக்கு விலை உண்டு. உயிருக்கு விலை இல்லை.

வளைவில் நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது. பாறைக்கு அடியிலும் நிறுத்தாதீர்கள். 2021 டிசம்பரில் பெருமழைக்குப் பிறகு, திருமலைக்கு ஏறும் பாதையில் பாறைகள் சரிந்து விழுந்தது நினைவிருக்கும்.

மலைப்பாதையில் சமமான இடமே கிடைக்காவிட்டால் உதவி கேளுங்கள். பாதையைக் கண்காணிக்கும் ஊழியர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். காத்திருப்பதில் அவமானம் இல்லை.

சாலை ஓரத்து மண்ணையும் பாருங்கள். மழை பெய்த மண் மேலே காய்ந்திருக்கும். உள்ளே சேறாக இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஜாக்கிக்கும் பொருந்தும்.

தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். தூங்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். வண்டி உருளக்கூடிய திசையில் யாரும் நிற்கக் கூடாது.

இரண்டாவதாக, இன்ஜினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியரில் போடுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள்.

மூன்றாவதாக, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இது மிகவும் முக்கியம். "கியரில் போட்டிருக்கிறேன், வண்டி எங்கே போகும்?" என்று சிலர் கேட்பார்கள். பின் சக்கரத்தால் ஓடும் வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் அந்தச் சக்கரம் சும்மா சுழலும். கியரின் பிடி அதோடு போய்விடும். சில லாரிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. நடுவே ஓடும் புரொபெல்லர் தண்டைத்தான் பிடிக்கும். அங்கேயும் இதே கதைதான். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது சக்கரக் கட்டை ஒன்றுதான்.

கட்டையைச் சரிவின் கீழ்ப் பக்கம் சக்கரத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். சமதளமானால் முன்னும் பின்னும் வைக்க வேண்டும். ஆப்பு போலச் சரிவாக அறுத்த மரக்கட்டை நல்லது. வழியில் கிடக்கும் உருண்டைக் கல் சக்கரத்தோடு சேர்ந்து உருண்டுவிடும். ஆசாரியிடம் சொல்லி நாலு கட்டை செய்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவதாக, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். தூக்கிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கு நின்றால் வண்டி ஆடும். ஜாக்கி நழுவும்.

தூக்கும்போது

ஜாக்கிக்கு அடியில் கனமான, அகலமான பலகை வையுங்கள். செங்கல் வேண்டாம். அது பொடியும். கருங்கல் துண்டும் வேண்டாம். பாரத்தில் பிளந்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கி உயரம் கூட்ட வேண்டாம்.

ஜாக்கி நேராக நிற்க வேண்டும். அதன் தலை வண்டியின் உறுதியான இடத்தில் பட வேண்டும். அந்த இடம் எது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். மின்சார வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். பல மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி அடித்தளத்தில் இருக்கிறது. குறித்த இடத்தைத் தவிர வேறு இடத்தில் ஜாக்கி வைத்தால் பேட்டரி நசுங்கும்.

இறக்கும் திருகை வலப் பக்கமாகத் திருப்பி மூடுங்கள். நிதானமாக அடியுங்கள். கைப்பிடியோடு நீளக் குழாயைச் செருகி அடிக்காதீர்கள். ஜாக்கியோடு வந்த கைப்பிடியால் ஏறாத பாரம், அந்த ஜாக்கிக்கு ஆகாத பாரம். தண்டில் எல்லைக் கோடு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். டயர் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும்.

தூக்கியதும் முட்டுக் கொடுங்கள். இதற்கென்று இரும்பு ஸ்டாண்ட் விற்கிறது. அதை அச்சுக்கு அடியில் வைத்து, வண்டியை மெல்ல இறக்கி, பாரத்தை ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். ஸ்டாண்டிலும் டன் எண் இருக்கும். அதையும் படியுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் சக்கரம் மட்டும் மாற்றுவதானால், கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்க வையுங்கள். வண்டி இறங்கினாலும் அதன்மேல் நிற்கும். ஆனால் அடியில் படுத்து வேலை செய்ய இது போதாது. அந்த வேலைக்கு ஸ்டாண்ட் கட்டாயம்.

இறக்கும்போது

சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் முடிந்தவரை ஏற்றுங்கள். அடியில் வைத்ததை எல்லாம் எடுங்கள். எல்லோரையும் விலகச் சொல்லுங்கள். பிறகு இறக்கும் திருகை மெல்ல, மெல்ல இடப் பக்கம் திருப்புங்கள். ஒரேயடியாகத் திறந்தால் வண்டி தடாலென்று விழும். வண்டி தரையில் நின்றதும் நட்டுகளை எதிர் எதிராக இறுக்குங்கள். சிறிது தூரம் ஓட்டிய பின் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஜாக்கியைப் பராமரிப்பது எப்படி?

வேலை முடிந்ததும் தண்டை முழுவதும் உள்ளே இறக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தண்டு சீலைக் கிழிக்கும். மண்ணைத் துடையுங்கள். ஜாக்கியை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். படுத்துக் கிடந்தால் எண்ணெய் கசியலாம், காற்றும் புகலாம்.

மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? கைப்பிடி வளைந்திருக்கிறதா? உடம்பில் விரிசல் இருக்கிறதா? எண்ணெய் பார்க்கும்போது தண்டு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். ஜாக்கி நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அடைப்பானைத் திறங்கள். எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும்.

குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. அது ஜாக்கியின் சீலை ஊத வைத்துக் கெடுக்கும். பழைய இன்ஜின் ஆயிலில் அழுக்கு இருக்கும். அந்த அழுக்குத்தான் குண்டுக்கு அடியில் போய் மாட்டும்.

அடித்தால் ஏறாமல் பஞ்சு போல அமுங்குகிறதா? உள்ளே காற்று புகுந்திருக்கும். பாரம் எதுவும் இல்லாமல் இறக்கும் திருகைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அடியுங்கள். பிறகு திருகை மூடிச் சோதித்துப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு வால்வை நீங்களே திருகாதீர்கள். விரிசல் விட்ட ஜாக்கிக்கு வெல்டிங் வைக்காதீர்கள்.

ஒரு எளிய சோதனையும் உண்டு. ஷெட்டில், சமதளத்தில், கட்டை எல்லாம் கொடுத்து வண்டியைக் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு உயரம் என்று சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். யாரும் அருகில் போகக் கூடாது. கோட்டைவிட வண்டி இறங்கியிருந்தால் அந்த ஜாக்கிக்கு வேலை வைக்க வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

யாராவது அடியில் மாட்டிக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். இன்ஜினைப் போட்டு வண்டியை நகர்த்தாதீர்கள். உடனே ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மற்றவர்கள் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வேறு ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். தூக்கத் தூக்க முட்டுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பிறகுதான் அவரை அசையாமல் எடுக்க வேண்டும்.

வண்டி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் அடியில் நுழைவது கிளீனர் தம்பிதான். வயதில் சின்னவன். "சீக்கிரம் நுழைடா" என்று சொன்னால் நுழைந்துவிடுவான். மறுத்துப் பேச அவனுக்குத் தைரியம் இருக்காது. அவனுக்கும் வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள். இரண்டு ஸ்டாண்டும் நாலு கட்டையும் வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை. கிளீனர் தம்பிகளே, நீங்களும் கேளுங்கள். "முட்டு எங்கே அண்ணா?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அது தொழில் தெரிந்தவன் கேட்கும் கேள்வி.

இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். ஜாக்கியை வெளியே எடுத்து எண்ணைப் படியுங்கள். எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு மரக்கட்டைக்குச் சொல்லி வையுங்கள். படித்ததைப் பக்கத்து வண்டிக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.